அயல்வீட்டுக்குப் போன பலகாரத் தட்டு



வரலாறு என்றதும் முடிமன்னரும் படைகளும் கோட்டைகளும் நம் உள்ளத்தில் தோன்றுவது இயல்பு. குசினியில் ஆக்கப்பெற்று, வெள்ளைத் துணியால் மூடப்பெற்று, வேலிப் பொட்டினூடாக அடுத்த வளவுக்குப் போகின்ற ஒரு தட்டுப் பலகாரத்துக்கும் வரலாறு உண்டு என்றால், அது விளையாட்டுப் பேச்சாகவே படலாம். ஆயினும், இத்தீவில் யார் யாரை அயலவராக மதித்தனர், யாரை மதியாது விட்டனர், எக்காலத்தில் மதித்து எக்காலத்தில் மறந்தனர் என்பவற்றை அறிவதற்கு, அத்தட்டினும் நேர்மையான சான்று வேறொன்று இல்லையென்றே நான் கருதுகின்றேன்.

இனிப்புப் பண்டத்தை அன்பளிப்பாக அனுப்புவது பற்றி நமக்கு எட்டிய சுவையான குறிப்புக்களுள் ஒன்று, ஓர் ஆங்கிலக் கைதியின் நூலிலே காணப்படுகின்றது. றொபேட் நொக்ஸ் என்பார் 1660ஆம் ஆண்டு, திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்திற் கரையிறங்கியபோது, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்களாற் பிடிபட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களிற் கழித்தபின், 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில், அரசியலும் ஒறுப்பு முறைகளும் விரித்துரைக்கப்படும் அளவுக்கு அடுக்களையும் விரித்துரைக்கப்படுகின்றது. பசியறிந்த மனிதர் எழுதிய நூல் அது. உணவைப் பற்றிய பகுதி நன்றாக அமைந்ததில் வியப்பில்லை. குரக்கன் மாவிற் செய்யும் பிட்டு அதில் உண்டு. அரிசியும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னதாக, சிங்கள மக்கள் இன்றும் சித்திரைப் புத்தாண்டிற் செய்கின்ற கவும் உண்டு.

அரிசிமாவையும் வெல்லத்தையும் குழைத்து, சிறு கட்டிகளாக்கி, இலையில் வைத்துப் பெருவிரலால் அழுத்தி, தேங்காயெண்ணெயிற் பொரிப்பது கவும் என்று நொக்ஸ் வருணிக்கின்றார். அதனை வாசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி, இது நம்முடைய அரியதரமன்றோ என்று கேட்டால், அவளைக் குறைசொல்ல முடியாது. இன்றைய கொண்டைக் கவுமைக் காட்டிலும், இலையில் தட்டி எண்ணெயில் விடும் அரியதரத்துக்கே அந்த வருணனை நெருக்கமாக இருக்கின்றது.

இதனை யடுத்து நொக்ஸ் ஒரு கதை சொல்கின்றார். ஒல்லாந்தர் முதன்முதலிற் கொழும்புக்கு வந்தபோது, அரசன் கவும் செய்வித்து அவர்களுக்கு விருந்தாக அனுப்பினானாம். உண்டு வியந்த ஒல்லாந்தர், இவை இந்நாட்டு மரங்களிற் காய்ப்பனவோ என வினவினராம். மனிதர் கையால் இத்துணைச் சுவையான பண்டத்தை ஆக்கமுடியாது என்பது அவர்கள் எண்ணம். இது ஊரார் வாய்வழியாக அவர் கேட்டெழுதிய கதை. அதன் உண்மை எவ்வளவாயினும் ஆகுக; வந்தவரைத் தம்முடைய சமையலால் மயக்கிவிட்டோம் என்னும் ஊராரின் பெருமை அதிலே நன்கு புலனாகின்றது. வரலாறோ வேறு முடிவைத் தந்தது. 1656இல் போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனைத் தம் துணைவனாகிய அரசனிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டனர். கவுமின் இனிப்பு நாவிலிருந்து மறைவதற்குள் நட்பு கசந்தது.

அவ்வொல்லாந்தர் நம்முடைய தட்டில் விட்டுச் சென்றதும் ஒன்றுண்டு. நீண்ட பிடியுடைய இரும்பு அச்சை, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்த கரைசலில் தோய்த்து, கொதியெண்ணெயில் அமிழ்த்திப் பூவும் சக்கரமுமாக எடுக்கும் பலகாரத்தைக் கொக்கிஸ் என்கின்றோம். சிறு பணியாரம் என்று பொருள்படும் ஒல்லாந்துச் சொல்லின் திரிபே இது என்பர் சொல்லாராய்வோர். அவர்களுடைய நாட்டிற் கோதுமை மா. இங்கே அரிசிமாவும் தேங்காய்ப்பாலும். இன்று தென்னிலங்கையில், கொக்கிஸ் இல்லாத சித்திரைப் புத்தாண்டு மேசை இல்லை. தொன்மையான தேசியப் பண்டிகையென்று நாம் போற்றும் நாளின் அடையாளப் பண்டம், ஒல்லாந்துப் பெயரோடு நடுவில் வீற்றிருக்கின்றது. கந்தோரையும் அவர்களிடமிருந்தே பெற்றோம். இரண்டினுள் எது நமக்கு மிகுந்த இன்பந் தந்தது என்பதை நேயர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

போர்த்துக்கீசரின் கொடையோ அடுக்களையின் அடித்தளம் வரை சென்றது. குசினி என்பதே அவர்கள் சொல். பலகாரம் பொரிக்கும் தாச்சி, பாண் வேகும் போறணை, அந்தப் பாண், விசுக்கோத்து, பழத்தைச் சீனிப்பாகில் ஊறவைத்து எடுக்கும் தோசி ஆகியனவும் அவர்கள் மொழியிலிருந்து வந்தனவே. யாழ்ப்பாணத்தை அவர்கள் ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் குறைவு. கோட்டையின் முதற் சுவர்களை அவர்களுக்குப் பின் வந்தோர் மாற்றிக் கட்டிவிட்டனர். தாச்சி மட்டும் அடுப்பில் இருக்கின்றது.

ஒல்லாந்தர் தம் படைக்கும் பணிக்கும் சாவகத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த மலாயரோடு தொதல் வந்தது. அரிசிமா, தேங்காய்ப்பால், வெல்லம் ஆகிய மூன்றையும் கையோயாது கிண்டி, எண்ணெய் பிரியும் பதத்தில் இறக்கும் அப்பண்டத்துக்கு, மலாயர் குடியேறிய அம்பாந்தோட்டை இன்றும் பெயர்பெற்றது. யாழ்ப்பாணத்தார் அதனைத் தம்முடையதென்றே எண்ணி உண்கின்றனர். மறுதலையாக, சிங்களவரின் அதிரச நம்முடைய அதிரசமே. விசயநகர வேந்தர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுக்களில், இறைவனுக்குப் படைத்த பண்டங்களுள் ஒன்றாக அதன் பெயர் காணப்படுகின்றது. வறுத்த பயற்றமாவை வெல்லப் பாகிற் குழைத்து, அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரிப்பதை நாம் பயற்றம் பணியாரம் என்கின்றோம். அவர்கள் அதனைச் சாய்சதுரமாக வெட்டி முங் கவும் என்கின்றனர். யார் யாரிடமிருந்து பெற்றனர் என்று வழக்காடுவது வீண். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால், பெயர் சொல்லாமல் வேறுபடுத்துவதற்கு வடிவம் ஒன்றே துணை.

நத்தார் கேக்கின் கதை சற்று வேறானது. அடுப்பையும் தணலையுமே அறிந்த வீடுகளுக்குப் போறணையில் வேகும் பண்டம் எளிதில் வந்து சேரவில்லை. மேலுங் கீழுந் தணலிட்டு வேகவைத்தும், மாவைக் குழைத்துத் தட்டிலிட்டு ஊர்ப் பாண் போறணைக்கு அனுப்பியும் நம்மவர் அதனைச் சாதித்தனர். கோதுமை மாவுக்குப் பதிலாக றவை. வாதுமைக்குப் பதிலாக மரமுந்திரிகைப் பருப்பு. நீற்றுப்பூசினித் தோசி, பன்னீர், தேன், கறுவா, ஏலம் என்பன மணத்துக்கு. போர்த்துக்கீச வழிவந்த ‘லவ் கேக்கு’ம், ஆங்கிலேயர் வழிவந்த நத்தார்க் கேக்கும் இவ்வாறு இத்தீவின் விளைபொருள்களால் மறுபிறப்பெடுத்தன. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகளில், முந்திரிகை வற்றல் சேர்த்து மடிப்பு அச்சிற் சுட்ட புறூடர் என்னும் பணியாரம் நத்தார்க் காலையில் மேசைக்கு வரும். 1929இல் ஹில்டா டியுட்ரம் அம்மையார் தொகுத்த ‘சிலோன் டெயிலி நியூஸ்’ சமையல் நூல் ஆங்கிலம் கற்ற குடும்பங்களிடையே பரவியபின், ஒரு வீட்டின் கைப்பக்குவம் பல வீடுகளின் உடைமையாயிற்று. நத்தார்க் கேக்கைச் சிறு துண்டங்களாக வெட்டி, மெழுகுதாளிற் சுற்றி, சைவ வீடு, முசுலிம் வீடு, பௌத்த வீடு என்று பாராது அயலெங்கும் அனுப்புவது கிறித்தவரின் வழக்கம். துண்டம் சிறிது; ஆனால் ஒரு கேக்கு முழுத் தெருவுக்கும் போதும்.

இப்பண்டங்கள் யாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: எளிதிற் பழுதடையா. பாகின் செறிவும் எண்ணெயின் வேக்காடும் நீரை வெளியேற்றிவிடுகின்றன. ஆகவே பண்டிகைக்குச் சில நாள் முன்னரே சுட்டு வைக்கலாம். ஓலைப்பெட்டியிலோ விசுக்கோத்துத் தகரத்திலோ இட்டுத் தூரத்து உறவினர்க்கு அனுப்பலாம். பாற்சோறும் பொங்கலும் அன்றன்றைக்கே உரியவை. பலகாரமோ பயணத்துக்கென்றே பிறந்தது. ‘பலகாரம் செய்தல்’ என்று நம்மூரிற் சொல்வதில்லை. ‘பலகாரம் சுடுதல்’ என்றே சொல்வர். அரிசி ஊறவைத்து, உரலில் இடித்து, அரித்து, மாவை வறுத்து, பாகு பதம் பார்த்து, தாச்சியருகே மணிக்கணக்கில் இருக்கும் அவ்வேலை ஒருத்தியால் ஆவதன்று. இன்று இவள் வீட்டில், நாளை அவள் வீட்டில் என்று பெண்கள் கூடிச் சுட்டனர். பாகின் பதம் ஒரு கணம் பிந்தினால் அரியதரம் கல்லாகும். முந்தினால் எண்ணெயிற் கரையும். ஆகவே பதம் அறிந்த ஒரு முதியவளுக்கு அந்நாளில் ஊரெங்கும் அழைப்பு. அவ்வுழைப்புக்குக் கூலி எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை.

அனுப்புவதற்கும் முறை உண்டு. தட்டு மூடியே போகவேண்டும். வெறுந்தட்டைத் திருப்பி அனுப்பலாகாது. ஒரு சீப்பு வாழைப்பழமாவது, ஒரு பிடி சர்க்கரையாவது, யாதுமில்லையேல் வெற்றிலையாவது அதில் இருக்கவேண்டும். நோன்புப் பெருநாளில் முசுலிம் வீடுகளில் வட்டிலப்பம் அவிப்பர். அதில் முட்டை சேர்வதால், சைவ உணவினராகிய அயலவர்க்கு அதனை விடுத்து வேறு தின்பண்டம் அனுப்பும் கண்ணியத்தைக் கிழக்கிலங்கையிலும் கொழும்பிலும் காணலாம். ஆடிப்பிறப்பிற் கூழும் கொழுக்கட்டையும் இவ்வாறே கைமாறும்.

இம்முறைகளுள் மிக உயர்ந்ததென நான் கருதுவது சாவீட்டைப் பற்றியது. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், ஆண்டுத் திவசம் கழியும்வரை அவ்வீட்டிற் பண்டிகைக்குத் தாச்சி வைப்பதில்லை. வருடப் பிறப்பும் தீபாவளியும் வரும். அடுப்பில் எண்ணெய் கொதியாது. அப்போது சுற்றத்தாரும் அயலவரும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பர். அவ்வீட்டிலிருந்து மறுதட்டு எதிர்பார்க்கப்படுவதில்லை. துக்கம் காக்கும் தாய் உண்ணாவிடினும், அவ்வீட்டுப் பிள்ளைகளின் கையில் ஒரு முறுக்கு இருக்கும்.

இவ்வளவும் சொல்லி, மற்றதை மறைத்தால் அது வரலாறாகாது. எல்லாத் தட்டும் எல்லா வேலியையும் கடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில், உயர்சாதியார் எனப்பட்டோர் வீட்டுப் பலகாரம் ஒடுக்கப்பட்டோர் வீட்டுக்குப் போகும், கொல்லைப்புறத்தாற் கொடுக்கப்படும். அவர்கள் வீட்டிற் சுட்ட பலகாரமோ திரும்பி வருவதில்லை. வந்தால் சமைக்காத பண்டமாகவே, காய்கனியாகவே வரவேண்டும். கொடுத்தல் ஒருவழிப்பட்டபோது அது அன்பளிப்பென்னும் பெயரை இழந்து, மேல் கீழை நினைவூட்டும் சடங்காயிற்று. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைவதற்குப் போராடவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்து வாயிலில் நடந்தது பலரும் அறிந்ததே. கடையின் கதவைச் சட்டத்தாற் திறக்கலாம். வேலிப் பொட்டினூடாக ஒரு தட்டு வரும்போது அதிலிருப்பதை எடுத்து உண்பதோ வீட்டுக்காரர் மனத்தைப் பொறுத்தது. அங்கே மாற்றம் மிக மெல்ல வந்தது. சில வீடுகளில் இன்னும் வந்து முடியவில்லை.

பஞ்சம் தட்டைச் சிறிதாக்கியதும் உண்டு. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது; கூப்பனரிசி வந்தது. அரிசிமாவே அடிப்படையாகிய பலகாரத்துக்கு அது பேரிடி. 1970ஐ அடுத்த ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சீனியும் கோதுமை மாவும் அரிதாயின. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. அதே கட்டுப்பாடு வடக்கின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர்க்கு நல்ல விலையைத் தந்தமையால், சில வீடுகளிற் பலகாரம் குறையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1990 முதல் வடபகுதி மீது பொருளாதாரத் தடை அழுத்தியபோது நிலைமை வேறாயிற்று. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாயிருந்த நாட்களில், சீனிக்குப் பதில் பனங்கட்டி தேநீருக்குத் துணையாயிற்று. பனங்காய்ப் பணியாரம் மீண்டும் பெருமை பெற்றது.

ஆயினும் பஞ்சம் தட்டைச் சிறிதாக்கியதே யன்றி நிறுத்தவில்லை. நிறுத்தியது வேறொன்று. 1958 மே மாதத்திலும், 1977இலும், 1983 யூலையிலும், பண்டிகைதோறும் தட்டு மாறிய தெருக்களில் வீடுகள் எரிந்தன. அயலவரே காட்டிக் கொடுத்ததும் உண்டு. அயலவரே தம் அறைகளில் ஒளித்துவைத்து உயிர் காத்ததும் உண்டு. இரண்டையும் ஒரே தெருவிற் கண்டவர்கள் இருக்கின்றனர். ஆண்டுதோறும் வந்த கவும் தட்டு ஒருவரையும் காக்கவில்லை என்று கசந்து சொல்வோர்க்கு நான் மறுமொழி சொல்லத் துணியேன். ஒளித்துவைத்த வீட்டாரோ, நேற்றுவரை யாருடைய பலகாரத்தை உண்டோம் என்பதை மறக்கவில்லை. 1983க்குப் பின் கொழும்புத் தெருக்கள் பலவற்றிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அகன்றன. கொடுப்பதற்கு அடுத்த வீட்டார் இல்லாமற் போயினர்.

அகன்றவர்களைத் தேடிப் பலகாரம் கடல் கடந்தது. இலண்டனுக்கும் பாரிசுக்கும் தொறொன்ரோவுக்கும் போகின்றவர்களின் பெட்டியில், உடுப்புக்களிடையே பயற்றம் பணியாரமும் முறுக்கும் இடம்பெற்றன. பழுதடையாத பண்டம் என்று முன்னர் சொன்னேன். அக்குணம் அடுத்த வளவுக்கு அனுப்புவதற்காகத் தேவைப்பட்டதன்று. ஆறாயிரம் மைல் அப்பாலிருந்த பிள்ளைகளுக்கு அனுப்புவதற்கு அது உதவிற்று. 2002இல் ஏ-9 வீதி மீண்டும் திறந்தபோது, தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் காண வந்தோர் பனங்கட்டிக் குட்டான்களை வாங்கிச் சென்றனர். 2006இல் வீதி மறுபடியும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே திறந்தது.

இக்காலத்திற் பலகாரம் கடையில் வாங்குவதாகிவிட்டது. அட்டைப்பெட்டியில் நிறைத்து, கண்ணாடித் தாளால் மூடி விற்கின்றனர். பணிக்குச் செல்லும் பெண்களுக்கு அது பெருந்துணை. உரலருகே நின்று முதுகு வளைத்த காலம் திரும்பவேண்டுமென்று விரும்புவது, பெரும்பாலும் உரலைத் தொடாத ஆண்களே. விற்கப்படும் பலகாரத்திற் கணிசமானது வீடுகளிற் பெண்கள் சுட்டுக் கொடுப்பதுதான்; முன்னர்க் கணக்கிற் சேராத உழைப்புக்கு இப்போது விலை கிடைக்கின்றது. ஆனால் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை. வாழைப்பழத்தோடு மீண்டுவரும் தட்டு அதனால் இல்லாமற் போயிற்று.

2022ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு, சமையல் வாயுவும் எரிபொருளும் பால்மாவும் கிடைக்காமல் மக்கள் வரிசைகளில் நின்ற நாட்களில் வந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. எண்ணெயும் மாவும் சீனியும் வாங்கமுடியாத பொருள்களாயின. ஏப்ரில் 9ஆம் நாள் முதல் காலிமுகத்திடலில் அரசுக்கெதிராகத் திரண்டிருந்தோர், புத்தாண்டன்று வீடு திரும்பாது அங்கேயே கூடாரங்களிடையே பாற்சோறு சமைத்தனர். கவுமும் கொக்கிஸும் அங்கே தட்டுக்களில் வைக்கப்பட்டு, பல இனத்தாரும் பல சமயத்தாருமாகிய, முன்பின் அறியாத மனிதரிடையே கைமாறின.